நடுங்குற பெல்ட்டும் நடக்குற தபால்காரரும்

முதல்லயே சொல்லிடறேன். நான் விழுந்தது ரெண்டாவது படியிலேர்ந்து.

முப்பது வருஷமா சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். மூணு மாடி உசரத்துல நின்னு, பக்கத்துல வந்து உக்காந்த காக்காகிட்ட "சௌக்கியமா"ன்னு விசாரிச்சவன். அப்பேர்ப்பட்டவன், தரையிலேர்ந்து ஒன்றரை அடியில, கையில டீ கிளாசோட வழுக்கி, தொப்புனு உக்காந்தேன். பூனை கூட அதை ஒரு உசரம்னு ஒத்துக்காது. கையை ஊனினேன் பாருங்க, மணிக்கட்டு நறுக்குன்னுச்சு. டீ ஒரு சொட்டு சிந்தல.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க.

"இவ்வளவு கம்மியான உசரத்துலேர்ந்து விழுந்தா எலும்பு உடையக் கூடாதே."

"தப்புதான் டாக்டர். அடுத்த தடவை மேலேர்ந்து விழறேன்."

சிரிக்கல. என்னை ஒரு மெஷினுக்கு அடியில படுக்க வச்சாங்க. அப்புறம் கூப்பிட்டுச் சொன்னாங்க, என் எலும்பெல்லாம் அடர்த்தி குறைஞ்சு போச்சாம். உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருக்காம். எலும்புப் புரைன்னு பேராம்.

"அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்ல டாக்டர்?"

"ஆம்பளைங்களுக்கும் வரும்."

பக்கத்துல என் பொண்டாட்டி. "இவருக்கு எல்லாம் வரும் டாக்டர். வீட்டு வேலை ஒண்ணுதான் வராது"ன்னா.

"ஓட்டைதானே? பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சா சமமாயிடும். எத்தனை சுவரை அப்படி நான் காப்பாத்தியிருக்கேன்!"

"மருந்து எழுதித் தரேன். அதோட உடற்பயிற்சி. அதோட இது"ன்னு ஒரு பெல்ட்டை மேசை மேல வச்சாங்க. தடிமனா, கருப்பா, பின்னாடி ஒரு சின்ன டப்பாவோட. "இதை இடுப்புல கட்டிக்கிட்டு தினமும் அரை மணி நேரம் நடக்கணும். மெல்ல நடுங்கிட்டே இருக்கும். அந்த நடுக்கம் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் வேலை குடுக்கும்."

"டாக்டர், எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அன்னையிலேர்ந்து நடுங்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் கணக்குக்கு என் எலும்பு இந்நேரம் இரும்பாயிருக்கணுமே!"

இப்பத்தான் டாக்டரம்மா சிரிச்சாங்க. பொண்டாட்டி சிரிக்கல. அதுக்கு வீட்டுல தனியா கிடைச்சுது. அதை விடுங்க.

கட்டு பிரிச்சதும் பயிற்சி சொல்லித் தர்ற பொண்ணுகிட்ட அனுப்பினாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா குரல் மட்டும் போலீசு. "கையை ஊனாம நாற்காலியிலேர்ந்து அஞ்சு தடவை எந்திரிங்க"ன்னுச்சு. நான் ரெண்டு தடவை எந்திரிச்சேன். மூணாவது தடவை நாற்காலியும் என்னோட எந்திரிச்சுச்சு. "ஒத்தக் கால்ல நில்லுங்க"ன்னுச்சு. நின்னேன். ரெண்டு எண்ணுறதுக்குள்ள அது மேலேயே சாஞ்சேன்.

"மூணு மாசம் இந்தப் பயிற்சி எல்லாம் செய்யுங்க. பெல்ட்டைக் கட்டி நடங்க. திரும்ப வந்து இதே சோதனையில தேறணும். அதுவரைக்கும் ஏணி, சாரம் எதுலயும் கால் வைக்கக் கூடாது."

அங்கதான் எனக்கு உயிர் போச்சு.

ஏன்னா மூணு மாசம் கழிச்சு ஒரு பெரிய பள்ளிக்கூடத்து வேலை இருக்கு. ஒப்பந்தம் எடுத்தவன் என் மச்சினன், அதாவது பொண்டாட்டியோட தம்பி. கட்டடம் வெள்ளை. உச்சியில கைப்பிடிச் சுவருக்குக் கீழ ஒரே ஒரு நீலக் கோடு, கட்டடத்தைச் சுத்தி ஓடணும். அந்தக் கோடு போடுறவன் நான். டேப் ஒட்டாம, நூல் பிடிக்காம, வெறும் கையால, மூச்சை அடக்கிக்கிட்டு ஒரே இழுப்பு. மச்சினன் டேப் ஒட்டித்தான் போடுவான். டேப் ஒட்டிக் கோடு போடுறதெல்லாம், மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தூங்குற மாதிரி. நான் தேறலன்னா கோடு அவன் கைக்குப் போயிடும். அப்புறம் சாகுற வரைக்கும் நான் கீழ உக்காந்து ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கணும், அவன் மேலேர்ந்து என் மண்டையில சொட்டிட்டே இருப்பான்.

இன்னொரு காரணமும் இருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த உலகத்துல என் பொண்டாட்டி குரல் எட்டாத இடம் அந்த உச்சி ஒண்ணுதான்.

அதனால ஒரு சபதம் எடுத்தேன். தேறியே தீருவேன். ஆனா நடக்க மாட்டேன்.

ஏன்னா மூணு நாள் நடந்து பாத்துட்டேங்க. பெல்ட்டைக் கட்டிட்டுத் தெருவுல இறங்கினா, சட்டைக்குள்ள ஒரு வண்டு குடும்பம் நடத்துற மாதிரி 'உர்ர்ர்'ங்குது. நாய் என் முகத்தைப் பாக்கல, இடுப்பைப் பாத்துக் குரைக்குது. சலவைக்கடைக்காரர் எட்டிப் பாத்து,

"அண்ணே, போன் அடிக்குது."

"போன் இல்லப்பா. இடுப்பு."

"யார் கூப்பிடுறாங்க?"

"ஆஸ்பத்திரி."

மூணாம் நாள் தெருவுல எனக்குப் பேரே வச்சுட்டாங்க. 'வைப்ரேட்டர்' இல்லீங்க, அது கூடப் பரவாயில்ல. 'மாவு மில்லு'. மில்லு வருது, மில்லு போகுதுன்னு. மானம் போயிடுச்சு.

ஏமாத்தவும் முடியாது. அந்த டப்பா எத்தனை அடி நடந்தோம், எங்க நின்னோம், எல்லாத்தையும் எண்ணி வச்சுக்கும். வீட்டுக்குள்ள வந்ததும் நேரா பொண்டாட்டி போனுக்கு ஒப்பிச்சிடும். அவகிட்டேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். வீட்டுல ஒரு உளவாளி பத்தாதுன்னு இடுப்புல ஒண்ணு.

நாலாம் நாள் காலையில வாசல்ல நின்னு கண்ணீர் விடாத குறையா பெல்ட்டைப் பாத்துட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுத் தபால்காரர் வெளிய வந்தார். வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கி ரெண்டு வருஷமாச்சு. ஆனா கால் மட்டும் ஓய்வு வாங்கல. ஞாயித்துக்கிழமை தவிர தினமும் காலையில கிளம்பி, பழைய தெருவெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருவார். தலைக்குள்ள பல்பு எரிஞ்சுச்சு.

"அண்ணே, எப்படியும் நடக்கத்தானே போறீங்க?"

"ஆமா."

"போற வழியில இதையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"என்னப்பா இது?"

"இடுப்பு வலிக்கு வெளிநாட்டு வைத்தியம். சும்மா கட்டிட்டு நடந்தா போதும்."

"எனக்கு இடுப்பு வலி இல்லியே."

"வராம இருக்கும்ல!"

யோசிச்சார். "உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அண்ணே, உங்க வீட்டுக் கேட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. மழைக்கு முன்னாடி அடிச்சு, பளபளன்னு ஆக்கித் தரேன்."

"கட்டி விடு"ன்னு கையைத் தூக்கிட்டார்.

அன்னையிலேர்ந்து காலையில வேலை சுளுவு. பயிற்சியை அதுக்கு முன்னாடியே மறந்தாச்சு. அவர் நடப்பார், நான் பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்து போற வர்ற பஸ்ஸை எண்ணுவேன். அரை மணியில நடுக்கம் தானா நின்னதும் பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கிட்டு, முகத்துல ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிட்டே வீட்டுக்குள்ள போவேன். பொண்டாட்டி போனைப் பாத்து, "அடேங்கப்பா, நாலாயிரம் அடி!"ம்பா. நான் "முடியலம்மா"ன்னு சோபாவுல சாய்வேன். தபால்காரரும் குஷி. "தம்பி, அந்த நடுக்கம் இருக்கே, ஆஹா! சொர்க்கம்!"னார்.

ஒரே ஒரு தடவை கண்டம் வந்துச்சு. பத்து நாள் போயிருக்கும். தபால்காரர் சம்சாரம் மதில் மேல எட்டிப் பாத்துச்சு. என் பொண்டாட்டி துணி காயப்போட்டுட்டு இருக்கா.

"ஏன் தம்பி, காலைல எங்க வீட்டுக்காரர் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னீங்களே, என்னது அது?"

"பாசம்கா."

பொண்டாட்டி திரும்பினா. "உங்களுக்குப் பாசமெல்லாம் உண்டா? இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்."

"அண்ணன் தம்பி மாதிரி பழகிட்டோம்மா."

"சரி சரி. அந்த இடுப்பை விட்டுட்டு வந்து இந்த இடுப்புக்கு ஒரு உதவி பண்ணுங்க. வாளியைத் தூக்குங்க."

தப்பிச்சோம்னு வாளியைத் தூக்கினேன். மாடிப்படி ஏறினேன். பாதி வாளிதான். முழுசா ரொப்பக் கூட இவளுக்குச் சோம்பல்னு மனசுக்குள்ள திட்டினேன்.

ஆனா ஒண்ணுங்க. அந்தச் சமயத்துலேர்ந்துதான் வீட்டுல எனக்குச் சனி பிடிச்சுது.

முதல்ல என் சாய்வு நாற்காலி. ஒரு நாள் வந்து பாத்தா ரெண்டு கையும் இல்ல.

"ஏம்மா, நாற்காலிக்கு என்னாச்சு?"

"ஆடிச்சு. கழட்டிட்டேன்."

"நாற்காலி ஆடலயே!"

"கை ஆடிச்சு."

கை இல்லாத நாற்காலியில உக்காந்து டிவி போட்டா, ரிமோட் டிவி மேலேயே இருக்கு. எந்திரிச்சு எடுத்துட்டு வந்து உக்காந்தா, "ஏங்க, அடுப்பை அணைங்க"ம்பா. உக்காந்தா, "ஏங்க, கதவு தட்டுது"ம்பா. போய்த் திறந்தா யாரும் இல்ல. "அப்ப காத்தா இருக்கும்"பா. ஒரு நாடகம் முடியறதுக்குள்ள பதினஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருவேன். கதாநாயகி அழுததை முழுசா பாத்ததே இல்ல.

அடுத்து சமையல்கட்டு. உப்பு, சர்க்கரை, டீத்தூள் எல்லா டப்பாவும் ஒரே நாள்ல மேல் தட்டுக்குக் குடிபோயிடுச்சு.

"எட்டலைங்க, எடுத்துக் குடுங்க."

"எட்டாத இடத்துல யாரும்மா வச்சது?"

"எறும்பு வருது."

"எறும்பு சுவர் ஏறாதா?"

"உங்களை விட அது சோம்பேறி."

குதிகாலைத் தூக்கி, நுனிக்கால்ல நின்னு, ஒவ்வொரு டப்பாவா எடுக்கணும். ரெண்டு டப்பாவை ஒரேயடியா எடுத்தா, "கொட்டிடும், ஒண்ணொண்ணா எடுங்க"ன்னு கத்துவா. எடுத்தது போக, திரும்ப வைக்கணும். சர்க்கரை அஞ்சு தடவை ஏறி இறங்கும். அந்த டப்பாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

காலையில ஏணி இல்லாத சில்லறை வேலைக்குக் கிளம்பலாம்னு கட்டில்ல உக்காந்து பேண்ட் போடப் போனா,

"உக்காராதீங்க! துணி மடிச்சு வச்சிருக்கேன், கசங்கிடும்."

"எங்க உக்காந்து போடுறது?"

"சுவர் ஓரமா நின்னு போடுங்க. பிடிச்சுக்கறதுக்குச் சுவர் இருக்குல்ல? நீங்க அடிச்ச சுவர்தானே, பெயிண்டு உதிர்ந்தாலும் சுவர் நிக்கும்."

தினமும் கட்டில் நிறைய துணி. நாங்க ரெண்டே பேரு. அவ்வளவு துணி யாரோடதுன்னு எனக்குப் புரியவே இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, கீழ குனியற வேலை ஒண்ணு கூட எனக்கு விடல. தரை பெருக்கப் போனா துடைப்பத்தைப் பிடுங்கிக்குவா. அரிசி மூட்டையைத் தூக்கப் போனா, "தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன்"னா. அது ஏற்கனவே உடைஞ்ச கைன்னு கூட பாக்கல. ஆகா, என் மேல இவ்வளவு கரிசனமான்னு ஒரு நிமிஷம் உருகிட்டேன். மறு நிமிஷம், "ஏங்க, மாடிக்கு வாளி!"

இப்படியே மூணு மாசம் ஓடிச்சு. பள்ளிக்கூடத்துல சாரம் கட்டி வெள்ளை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மச்சினன் டேப் ரோல் ஒண்ணை விரல்ல மாட்டிச் சுத்திட்டே வந்தான்.

"மாமா, பன்னண்டு ரோல் வாங்கிட்டேன். நீங்க தேறலன்னா வீணாகக் கூடாதுல்ல?"

"அந்த டேப்பை உன் வாயில ஒட்டிக்கடா."

வெளிய வீறாப்பு. உள்ளுக்குள்ள கணக்கு உதைக்குது. நடந்தது தபால்காரர், சோதனை எனக்கு. அவரையே சோதனைக்கும் அனுப்பலாமான்னு கூட யோசிச்சேன். முகம் ஒத்து வரல.

சோதனை நாள். பொண்டாட்டியும் கூடவே வந்தா. போலீசுக் குரல் பொண்ணு ஒரு காகிதத்தை விரிச்சு வச்சுட்டு, "முதல்ல நாற்காலி"ன்னுச்சு.

கண்ணை மூடிட்டு எந்திரிச்சேன். உக்காந்தேன். எந்திரிச்சேன். அஞ்சு முடிஞ்சுது. கால் நிக்க மாட்டேங்குது, ஏழு வரைக்கும் போயிட்டேன். பொண்ணுதான் "போதும், போதும்"னுச்சு. ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னுச்சு. நின்னேன். பத்து எண்ணிச்சு. நான் பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளிய வேடிக்கை பாத்துட்டு நிக்கறேன், கொக்கு தோத்துச்சு.

எனக்கே நம்ப முடியல. "பாத்தீங்களா! எல்லாம் பெல்ட்டோட மகிமை. தினமும் நாலாயிரம் அடி! மழைன்னு பாக்கல, வெயில்னு பாக்கல"ன்னு எடுத்து விட்டேன்.

பொண்ணு அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பிச்சு. கோடு கோடா இருந்துச்சு.

"முதல் மூணு நாள் ஒரு மாதிரி நடந்திருக்கீங்க. நாலாம் நாள்லேர்ந்து வேற மாதிரி. முப்பது அடி நடக்குறீங்க, நிக்குறீங்க. முப்பது அடி, நிக்குறீங்க. முப்பது அடி, நிக்குறீங்க."

"அது வந்து... மூச்சு வாங்கறதுக்கு..."

பொண்டாட்டி தொண்டையைச் செருமினா. "வீட்டுக்கு வீடு கேட்டுல நின்னு மூச்சு வாங்குற ஆளு நம்ம தெருவுல ஒருத்தர்தாங்க. அதோட, ஞாயித்துக்கிழமையானா ஒரு அடி கூட நடக்கல. தபால் ஆபீசு லீவு!"

நாற்காலியில உக்காந்தேன். இந்தத் தடவை எந்திரிக்கல.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. போன்லயே நடுக்கத்தை அணைச்சுட்டேன். அடியை மட்டும்தான் எண்ணிட்டு இருந்துச்சு."

"அணைச்சுட்டியா? நேத்து கூட தபால்கார அண்ணன், நடுக்கம் சொர்க்கமா இருக்குன்னாரே!"

"அவருக்கு நடுங்கறதுக்குப் பெல்ட்டு வேணுமா? அக்கா இருக்காங்க."

பொண்ணு சிரிச்சு மேசையிலேயே கவுந்துடுச்சு. அப்புறம் நிமிர்ந்து, "ஐயா, உங்க வீட்டம்மா அதுக்கு மறுநாளே இங்க வந்துட்டாங்க. நடக்க மாட்டேங்குறார், என்ன செய்யறதுன்னாங்க. பயிற்சி பட்டியலை வாங்கிட்டுப் போனாங்க"ன்னு ஒரு தாளை எடுத்துக் காட்டிச்சு.

எழுத்துக் கூட்டிப் படிச்சேன். கையை ஊனாம எந்திரிச்சு உக்காருதல். குதிகால் தூக்கி இறக்குதல். ஒத்தக் காலில் நிற்றல், பக்கத்தில் சுவர் இருக்க வேண்டும். அளவான பாரத்தோடு படி ஏறுதல். குனிந்து பாரம் தூக்கக் கூடாது.

ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல என் பொண்டாட்டி கையெழுத்துல குறிப்பு. ரிமோட். சர்க்கரை. பேண்ட். வாளி. அரிசி மூட்டை.

"அப்ப அந்தத் துணியெல்லாம் யாரோடது?"

"அக்கா வீட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்தேன். தினமும் திருப்பிக் குடுத்துட்டேன்."

மூணு மாசமா நான் அவளை ஏமாத்திட்டு இருக்கறதா நினைச்சுப் பெஞ்சுல உக்காந்து பஸ் எண்ணியிருக்கேன். அவ எனக்குத் தெரியாம என்னை ஆளாக்கியிருக்கா.

"எலும்பு கெட்டியாயிடுச்சாம்மா?"ன்னு பொண்ணுகிட்ட கேட்டேன்.

"அதை அடுத்த வருஷம் மெஷின்தான் சொல்லும். ஆனா கால் உறுதியாயிருக்கு, தடுமாற்றம் போயிடுச்சு. விழாம இருக்கறதுதான் முதல் வைத்தியம். மருந்தை விடாதீங்க. பெல்ட்டை இனிமேலாவது உங்க இடுப்புல கட்டுங்க."

"ஏணி?"

பொண்ணு பொண்டாட்டியைப் பாத்துச்சு. பொண்டாட்டி பொண்ணைப் பாத்தா. என் வாழ்க்கை அந்த ரெண்டு பார்வைக்கு நடுவுல தொங்குது.

"ஏணி வேணாம். கைப்பிடி வச்ச சாரத்துல ஏறலாம். ஆனா இடுப்புல பாதுகாப்புக் கயிறு கட்டணும். மறுமுனையைக் கீழ ஒரு ஆள் பிடிச்சிருக்கணும், ஒரு நிமிஷம் கூட கண்ணை எடுக்காத ஆள்."

"மச்சினன் ஆள் தருவான்! பத்துப் பேர் இருக்காங்க!" துள்ளி எந்திரிச்சேன், கையை ஊனாமலே. வீடு போற வரைக்கும் தரையில கால் படல. ஏமாந்தா என்ன? கோடு என்னோடது. உச்சி என்னோடது. அந்த நிம்மதி என்னோடது.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டேப் ரோலையெல்லாம் மச்சினன் முன்னாடியே வண்டியில ஏத்தச் சொன்னேன். ஒருத்தன் என் இடுப்புல கயித்தை மாட்டி இறுக்கினான். அது உச்சியில ஒரு இரும்புக் கம்பியைச் சுத்திட்டு, கீழ எங்கயோ போகுது. யார் பிடிக்கிறான்னு கூட பாக்கல. அவசரம். விறுவிறுன்னு ஏறினேன்.

உச்சி. காத்து. நாலரை மாசத்துக்கு அப்புறம் அந்த அமைதி. நீலத்துல பிரஷ்ஷைத் தோச்சேன். மூச்சை அடக்கினேன். சுவர்ல வச்சு ஒரே இழுப்பு. நாலடி போச்சு, அஞ்சடி போச்சு.

இடுப்புக் கயித்துல வெடுக்குனு ஒரு இழுப்பு.

கீழ எட்டிப் பாத்தேன். நிழலுக்கு ஒரு குடை, உக்கார ஒரு ஸ்டூல், பக்கத்துல டீ பிளாஸ்க்கு. கயித்தோட மறுமுனையை ரெண்டு சுத்து கையில சுத்திக்கிட்டு என் பொண்டாட்டி.

"மச்சான்!"னு அலறினேன். "இவ எங்கடா இங்க?"

"கண்ணை எடுக்காத ஆள் வேணும்னீங்கல்ல மாமா? இன்னையிலேர்ந்து அக்காவை வேலைக்குச் சேத்தாச்சு. உங்களுக்கு மேல மேஸ்திரி!"

கயிறு இன்னொரு வெடுக்கு. மூணு மாடி தாண்டி, காத்தைத் தாண்டி, காக்காவையும் தாண்டி, குரல் காதுக்குள்ள வந்து உக்காந்துச்சு.

"ஏங்க! கோடு கோணுது!"

பாத்தேன். கோணித்தான் இருந்துச்சு.